மயை

(பெரிய முதலியார்சாவடி வாசகர் கூட்டத்தில் ஒரு மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். பக்கத்தில் இருப்பது அவர் பேத்தி, ஒன்பதாம் வகுப்பு. அவள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்திருக்கிறேன். காற்றுக்கும் மழைக்கும் நீரோட்டத்துக்கும் தாத்தா வாயில் என்னென்ன பெயர் இருக்கிறதோ அத்தனையையும் நான் முடிப்பதற்குள் கேட்டு எழுத வேண்டும். நடுவில் நீங்கள் இருவரும் பேசிக்கொண்டால் எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. எழுது அம்மா.

'ஸ்பானிய வட்டார வழக்குகளும் ஐரோப்பிய இலக்கிய இயக்கங்களும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வலை காய்கிற ஊரில் இந்தப் பேச்சு எதற்கு என்று யாருக்காவது தோன்றியிருந்தால் அது நியாயம்தான். ஆனால் சாவடி என்ற சொல்லுக்கே வழிப்போக்கர் தங்கும் இடம் என்று பொருள். தெற்கே புதுச்சேரி, மேற்கே செம்மண் மேட்டில் 1968இல் எழுந்த ஆரோவில், இரண்டுக்கும் நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை. உலகத்து மொழிகளெல்லாம் இந்த ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போகின்றன. எனக்கு ஸ்பானிஷ் வந்ததே அப்படி ஒரு பெஞ்சில்தான்.

பல வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். கூரை போட்ட கடை. நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த காலம். எதிரே இரண்டு வெளிநாட்டுப் பெண்கள், சிநேகிதிகள். ஒருத்தி ஸ்பெயினில் வய்யதோலித் ஊர்க்காரி, இன்னொருத்தி அர்ஜென்டினாவில் புவெனஸ் அயர்ஸ்காரி. திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. ஸ்பெயின்காரி கையை நீட்டிப் பார்த்துவிட்டு 'யூவியா' என்றாள். அர்ஜென்டினாக்காரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு 'ஷூவியா' என்றாள். கடைக்கார அம்மா அடுப்பைத் தள்ளி வைத்துக்கொண்டே, "மயை வலுக்குது, உள்ள வந்து குந்துங்க" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். மூன்று பேரும் சொன்னது ஒன்றையே. மழை. அதற்கு எழுத்தில் ஸ்பானியர்கள் இரட்டை எல் போட்டு எழுதுவார்கள். பழைய காஸ்தீலியப் பேச்சில் அந்த எழுத்துக்கு ஒலி 'ல்ய' மாதிரி இருந்தது. நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தில் படர்ந்து நிற்கும் ஒலி. காலப்போக்கில் அது ஸ்பெயினின் பெரும்பகுதியில் வெறும் 'ய' ஆகிவிட்டது. புவெனஸ் அயர்ஸில் இன்னும் ஒரு படி போய் 'ஷ' ஆகிவிட்டது. தெருவுக்கு ஸ்பெயினில் 'காயே', அங்கே 'காஷே'. பொலிவியாவின் மலைப்பகுதியிலும் பராகுவேயிலும் அந்தப் பழைய 'ல்ய' இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதை நம் பக்கம் வைத்துப் பாருங்கள். நம் 'ழ' அதே போல நாக்கை வருத்தும் ஒலி. மதுரைக்குத் தெற்கே பல ஊர்களில் அது 'ள' ஆகி 'மளை' பெய்கிறது. சென்னை தொடங்கி நம் கரை வரைக்கும் 'ய' ஆகி 'மயை' பெய்கிறது. கோழி கோயி ஆகிறது, வாழைப்பழம் வாயப்பயம் ஆகிறது, பொழுது பொயுது ஆகிறது. உலகின் இரண்டு மூலையில், ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகளில், வாயின் எளிமை தேடும் இயல்பு ஒரே வழியில் நடந்திருக்கிறது. அதுவும் மழை என்ற ஒரே சொல்லில்!

ஆனால் ஒரு வித்தியாசம். 'ய' என்று சொன்னதற்காக வய்யதோலித்காரியை யாரும் அடித்திருக்க மாட்டார்கள். அங்கே அது இன்று படித்தவர் பேச்சு. நான் மூன்றாம் வகுப்பில் 'கோயி கூவியது' என்று வாசித்தேன். பிரம்பு வந்தது. ஐம்பது முறை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். எழுத்தில் 'ழ' எனக்கு ஒருநாளும் தப்பியதில்லை, வாயில்தான் வரவில்லை. அதற்குப் பிறகு கல்லூரி முடியும் வரை வகுப்பில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டதில்லை. வாயைத் திறந்தால் ஊர் வெளியே வந்துவிடும் என்று பயம். அந்த வாத்தியார் நல்லவர். 'ழ'வைக் கற்றுக்கொடுக்க வேண்டியது அவர் கடமைதான். 'ய' எங்கிருந்து வந்தது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஸ்பானிஷ் இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பேசப்படும் மொழி. தாய்மொழியாகக் கொண்டவர்களே ஐம்பது கோடியை நெருங்குகிறார்கள். இவ்வளவு பரந்த மொழி ஒரே மாதிரி இருக்க முடியாது. எப்படி வேறுபட்டது என்பதற்குள் ஒரு கடல் கதை இருக்கிறது.

1492. கொலம்பஸ் புறப்பட்ட வருஷம். அதே வருஷம் ஆகஸ்டில் அன்தோனியோ தெ நெப்ரிஹா என்ற அறிஞர் காஸ்தீலிய மொழிக்கு இலக்கணம் எழுதி அரசி இசபெல்லாவுக்குப் படைத்தார். பேரரசும் மொழியும் கூடவே நடக்கும் துணைகள் என்பது அவர் கருத்து. அரசவைக்காரர்கள் அந்த இலக்கணத்தை வைத்திருந்தார்கள். கப்பலில் ஏறியவர்கள் யார்? தெற்கே அந்தலூசியா மாலுமிகள், செவில்யா துறைமுகத்துக் கூலியாட்கள், வழியில் கனாரித் தீவுகளில் சேர்ந்துகொண்டவர்கள். இவர்கள் பேச்சில் வடக்கத்திய ஸ்பெயினில் பல்லிடுக்கில் நாக்கை வைத்துச் சொல்லும் ஒலி கிடையாது, எல்லாம் 'ஸ'தான். அமெரிக்கக் கண்டம் முழுக்க இன்று அந்த 'ஸ'தான் ஒலிக்கிறது. மாலுமிகளின் வாய்தான் ஒரு கண்டத்துக்கு உச்சரிப்பைக் கொடுத்தது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். ஹவானா, கார்த்தகேனா, வேராக்ரூஸ் போன்ற துறைமுகங்களில் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' மூச்சாகக் கரைந்துவிடும். மெக்சிகோ நகரத்திலும் பொகோதாவிலும் அது கணீரென்று நிற்கும். ஏன்? கப்பல் கூட்டங்கள் தங்கிப் போன கரைகளில் அந்தலூசியப் பேச்சு படிந்தது, அரசப் பிரதிநிதி வீற்றிருந்த மேட்டு நகரங்களில் அரசவைப் பேச்சு நின்றது என்று ராமோன் மெனெந்தெஸ் பிதால் என்ற பேரறிஞர் விளக்கினார். அதாவது கடலைத் தாண்டியும் கரை கரையோடு பேசுகிறது, தலைநகர் தலைநகரோடு பேசுகிறது. நம் குப்பங்கள் கரையோரமாகவே பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றன. இங்கிருந்து பத்து மைல் மேற்கே போனால் மாறிவிடும் பேச்சு, அதே தூரம் கரையோடு வடக்கே போனால் மாறுவதில்லை. உங்களுக்கு இதைப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை.

சொற்களும் இப்படித்தான். பேருந்துக்கு மெக்சிகோவில் ஒரு பெயர், அர்ஜென்டினாவில் ஒரு பெயர். கியூபாவிலும் கனாரித் தீவுகளிலும் 'குவாகுவா'. சிலேயில் 'குவாகுவா' என்றால் கைக்குழந்தை. நாம் வெள்ளம் வந்தால் மேட்டுக்கு ஓடுகிறோம், குமரி மாவட்டத்தில் வெள்ளம் கொடு என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். நாம் கதை சொல்கிறோம், யாழ்ப்பாணத்தார் கதைக்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது முன்னிலைச் சொல். ஸ்பானிஷ் மொழியில் 'தூ' என்றால் நீ. 'உஸ்தெத்' என்றால் நீங்கள். நடுவில் 'வோஸ்' என்று ஒன்று உண்டு. பழைய காலத்தில் 'வோஸ்' மரியாதைச் சொல். எல்லோருக்கும் அதைப் போட்டுப் போட்டு அதன் மதிப்பு இறங்கிவிட்டது. அப்போது மரியாதைக்குப் புதிதாக 'தங்கள் அருள்' என்ற பொருளில் ஒரு நீண்ட தொடர் வந்தது. அது தேய்ந்து தேய்ந்து 'உஸ்தெத்' ஆனது. ஸ்பெயினில் 'வோஸ்' செத்துப்போனது. அர்ஜென்டினாவில் பிழைத்து, நண்பனைக் கூப்பிடும் சொல்லாக, மனைவியைக் கூப்பிடும் சொல்லாக, வீட்டுக்குள் வந்துவிட்டது. கொலம்பியாவின் சில மலையூர்களில் கணவனும் மனைவியும் 'உஸ்தெத்' என்றே பேசிக்கொள்வார்கள். அங்கே அந்த மரியாதையில் அன்பு இருக்கிறது.

தமிழில் இதற்கு நிகர் இல்லையா? இருக்கிறது. 'நீர்'. செய்யுளில் அது பன்மை. திருநெல்வேலியில் 'நீரு' என்று சமவயதுக்காரரைச் சொல்வார்கள். கூடவே ஒரு 'வே' போட்டால் நெருக்கம் தெரியும். யாழ்ப்பாணத்தில் 'நீர்' என்பது 'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் இடையில் உள்ள படி. நண்பர்கள் சொல்வார்கள், கணவர் மனைவியிடம் சொல்வார். கொங்கு நாட்டில் நீங்கள் போதாதென்று ஒவ்வொரு சொல்லின் வாலிலும் 'ங்க' வைக்கிறார்கள். ஒரு மொழி மனிதர்களுக்கு நடுவே எத்தனை படி வைத்திருக்கிறது என்பது அதன் வட்டார வழக்குகளைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். பாடப்புத்தகத் தமிழில் இரண்டே படிதான்.

தாத்தா இந்நேரம் காற்றைச் சொல்லி முடித்திருப்பார். வாடை, தென்றல், கோடை, கொண்டல் என்று நான்கு திசைக்கு நான்கு காற்றைப் பழந்தமிழ் தருகிறது. கடலுக்குப் போகிறவர்களிடம் கச்சான் உண்டு, இன்னும் எத்தனையோ உண்டு. ஜிப்ரால்டர் நீரிணையில் ஸ்பானிய மீனவர்களுக்கு இரண்டு பெரிய காற்று. கிழக்கிலிருந்து வருவது 'லெவான்தே', அதாவது எழுவது. மேற்கிலிருந்து வருவது 'போனியென்தே', அதாவது படுவது. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். இதைப் படித்தபோது எனக்கு மட்டக்களப்பு நினைவுக்கு வந்தது. அங்கே வாவிக்குக் கிழக்கே உள்ள நிலம் எழுவான்கரை, மேற்கே உள்ளது படுவான்கரை. இரண்டு தூரத்துக் கரைகளில் திசைக்குப் பெயர் வைக்க மனிதன் ஒரே வானத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். ஸ்பெயினில் பேசப்படும் எல்லாமே ஸ்பானிஷின் வட்டார வழக்கு அல்ல. கத்தலான் தனி மொழி, கலீசியன் தனி மொழி. பாஸ்க் மொழியோ ஐரோப்பிய மொழிகள் எதனோடும் உறவில்லாமல் நிற்பது. ஃபிராங்கோ ஆட்சியில், 1939 முதல் 1975 வரை, இவற்றுக்குப் பொது வாழ்க்கையில் இடம் மறுக்கப்பட்டது. 1978 அரசியலமைப்புக்குப் பிறகே அந்தந்தப் பகுதிகளில் ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது. வழக்கு எது, மொழி எது என்பதை இலக்கணம் மட்டும் தீர்மானிப்பதில்லை, ஆட்சியும் தீர்மானிக்கிறது.

அந்தப் பாஸ்க் நாட்டை ஒட்டிய நவார்ராவில் பிறந்தவர்தான் பிரான்சிஸ் சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். வேதபாட மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணி அடித்துக்கொண்டு பரதவர் பிள்ளைகளைக் கூட்டிச் சொன்னார். அவருக்குப் பின் வந்த போர்ச்சுக்கீசியர் அண்டிரிக் அடிகளார் அந்தக் கரையோர மக்கள் பேசுவதைக் கேட்டு இலக்கணக் குறிப்பு எழுதினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. தமிழ் அச்சில் ஏறிய தொடக்கமே மீனவர்களுக்காகத்தான். அதன் பிறகு இத்தாலியர் வீரமாமுனிவர். செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியவர், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. கொடுந்தமிழ் என்ற பெயரைக் கேட்டு வருந்த வேண்டாம். கொடுமை என்றால் வளைவு. செம்மை நேர்கோடு, இது வளைந்த கோடு. ஆறும் வளைந்துதான் ஓடுகிறது.

தொல்காப்பியரும் வழக்கைத் தள்ளவில்லை. செய்யுளுக்கு உரிய சொற்களை நான்காகப் பிரித்தபோது திசைச்சொல்லுக்கும் ஓர் இடம் தந்தார். உரைகாரர்கள் எடுத்துக்காட்டும் தந்தார்கள்: தென்பாண்டி நாட்டார் ஆவையும் எருமையையும் பெற்றம் என்பர், தாயைத் தள்ளை என்பார் ஒரு நாட்டார். கவிஞன் இவற்றை எடுத்து ஆளலாம் என்று அப்போதே கதவு திறந்திருக்கிறது. பூட்டியவர்கள் பிற்காலத்தவர்.

இனி இலக்கிய இயக்கங்கள். மறுமலர்ச்சி, புனைவியல், எதார்த்தவாதம், இயற்பண்புவாதம், குறியீட்டியல், மிகை எதார்த்தம், இருத்தலியல் என்று பட்டியல் போட்டால் தேர்வுக்கு உதவும். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. நான் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: புத்தகத்துக்குள் யாருடைய வாய் நுழைந்தது?

ஸ்பானியப் பொற்காலத்தில் செர்வாந்தெஸ் 'தோன் கிஹோத்தே'யின் முதல் பாகத்தை 1605இலும் இரண்டாம் பாகத்தை 1615இலும் வெளியிட்டார். வீரர் கதைகளைப் படித்துப் படித்து மதி மயங்கிய கிழவர் தோன் கிஹோத்தே, பழைய ஏட்டு மொழியில் பேசுகிறார். அவருடன் போகும் குடியானவன் சாஞ்சோ, வாயைத் திறந்தால் பழமொழி. பெரிய சொற்களைத் தப்பும் தவறுமாகச் சொல்கிறான். எஜமான் திருத்திக்கொண்டே வருகிறார். பக்கங்கள் போகப் போக என்ன நடக்கிறது தெரியுமா? இவன் பேச்சு அவருக்கு ஒட்டிக்கொள்கிறது, அவர் பேச்சு இவனுக்கு ஒட்டிக்கொள்கிறது. நவீன நாவல் பிறந்தது இந்த இரண்டு தமிழுக்கு நடுவில்தான். மன்னியுங்கள், இரண்டு ஸ்பானிஷுக்கு நடுவில். அப்படிச் சொல்ல வந்ததும் பொருத்தம்தான்.

புனைவியல் காலம் மலை, நிலவு, காதல் என்று நாம் படித்திருக்கிறோம். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை அந்த இயக்கம் செய்தது. கவிதைக்கு மனிதர் உண்மையில் பேசும் மொழியே போதும் என்று ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் தம் கவிதைத் தொகுப்பின் முன்னுரையில் வாதாடினார். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் மக்களின் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஸ்பெயினில் ரொசாலியா தெ காஸ்த்ரோ என்ற பெண், உழவர் வீட்டுப் பேச்சு என்று ஒதுக்கப்பட்டிருந்த கலீசியனில் 1863இல் ஒரு பாடல் நூல் கொண்டுவந்தார். அதில் அவர் தேதியிட்ட நாள் மே 17. இன்றும் கலீசியா அந்த நாளைத் தன் இலக்கிய நாளாகக் கொண்டாடுகிறது.

மே 17 என்றதும் எனக்கு வேறொருவர் நினைவு. 2021ஆம் ஆண்டு அதே மே 17 அன்று, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், புதுச்சேரி லாஸ்பேட்டையில் கி. ராஜநாராயணன் கண் மூடினார். கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல் சம்சாரி. 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி போட்டவர். பல்கலைக்கழகத்துக்கே போகாதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. வந்த இடத்தில் சும்மா இருந்தாரா? புதுவை வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளையும் திரட்டினார். கிரிம் சகோதரர்கள் செய்த வேலையை நம் வாசலில் ஒருவர் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

எதார்த்தவாதத்துக்கு வருவோம். இங்கேதான் நம் கரைக்கு மிக அருகில் வரும் ஒரு புத்தகம் இருக்கிறது. இத்தாலிக்குத் தெற்கே சிசிலித் தீவு. ஆச்சி த்ரெட்ஸா என்று ஒரு மீனவக் கிராமம். ஜொவான்னி வெர்கா 1881இல் அந்த ஊரில் நடப்பதாக 'மலவோல்யா குடும்பம்' என்ற நாவலை எழுதினார். கதை மிகச் சிறியது. ஒரு குடும்பம், ஒரு படகு. படகின் பெயர் 'இறைவன் காப்பு' என்ற பொருள் தரும் பெயர். கடனுக்கு ஒரு படகுச் சரக்கு வாங்கி, விற்றுவர அனுப்புகிறார்கள். சரக்கு ஒரு வகைப் பயறு. புயல் வருகிறது. சரக்கு போகிறது, மகன் போகிறான், கடன் மட்டும் நிற்கிறது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பக்கத்துக்கு அந்தக் கடன்தான் கதாநாயகன்.

இந்தக் கூட்டத்தில் இந்தக் கதை புரியாதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். ஆனால் வெர்காவின் பெருமை கதையில் மட்டும் இல்லை. பிரான்சில் எமில் சோலா பாரிஸ் தொழிலாளர் பேச்சை 1877இலேயே நாவலுக்குள் கொண்டுவந்து வசை வாங்கியிருந்தார். வெர்காவுக்குச் சிக்கல் வேறு. சிசிலியப் பேச்சில் எழுதினால் இத்தாலி முழுக்கப் புரியாது. ஏட்டு இத்தாலியனில் எழுதினால் மீனவன் செத்துப்போவான். என்ன செய்தார்? சொல்லை இத்தாலியனாகவும் சொல்லும் முறையைச் சிசிலியமாகவும் வைத்தார். கதையை ஆசிரியர் சொல்வதில்லை; ஊர் வாய் சொல்கிறது. கிணற்றடியில், படகு மறைவில், வம்பும் பழமொழியும் பொறாமையும் இரக்கமுமாக ஊரே கதை சொல்கிறது. இதுதான் 'வெரிஸ்மோ' என்ற இயக்கம். 1948இல் இயக்குநர் விஸ்கொந்தி இதைப் படமாக்க அதே ஊருக்குப் போய் அங்கிருந்த மீனவர்களையே நடிக்க வைத்தார். அவர்கள் தங்கள் பேச்சிலேயே பேசினார்கள். மற்ற இத்தாலியருக்குப் புரிவதற்காகப் பின்னணியில் ஒரு குரல் விளக்கம் சொன்னது.

குறியீட்டியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் போதலேர், வெர்லேன், மல்லார்மே ஒலியாலும் சாயலாலும் கவிதை செய்தார்கள். அந்த ஒலியைக் கேட்டு நிகரகுவாவில் பிறந்த ரூபென் தாரியோ என்ற இளைஞர் 1888இல் சிலேயின் வல்பரைசோ துறைமுகத்தில் 'நீலம்' என்ற நூலை அச்சிட்டார். ஸ்பானியக் கவிதையின் போக்கே அதனால் மாறியது. நெப்ரிஹாவின் காலத்தில் மொழி ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிப் போனது. நானூறு வருஷம் கழித்து அடிமைப்பட்டிருந்த கரையிலிருந்து ஓர் இலக்கிய இயக்கம் கப்பலேறி ஸ்பெயினுக்குத் திரும்பி வந்தது.

அதே காலத்தை ஒட்டி நம் புதுவைக் கடற்கரையில் ஒருவர். 1908இல் வந்து 1918 வரை பத்து வருஷம் இருந்தார். ஷெல்லியின் தாசன் என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டவர், விட்மனைப் பற்றி எழுதியவர். ஆனால் 1912இல் 'பாஞ்சாலி சபத'த்துக்கு முன்னுரை எழுதும்போது எளிய சொல்லும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும்தான் வேண்டும் என்றார். பாரதி ஐரோப்பாவிலிருந்து துணிச்சலை வாங்கினார். மெட்டைத் தெருவிலிருந்து எடுத்தார். அவருக்கும் முன்பே, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி இருபத்தைந்து வருஷம் பேச்சுத் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். இலக்கியம் என்று நினைத்து எழுதவில்லை. அதனாலேயே புதுவையின் வாய் அதில் அப்படியே இருக்கிறது.

மறுபடி ஸ்பானிஷ் பக்கம் போவோம். மெக்சிகோவின் ஹலிஸ்கோ நாட்டுப்புறப் பேச்சைக் கடைந்து ஹுவான் ருல்ஃபோ 1955இல் 'பெத்ரோ பாராமோ' என்ற சிறு நாவலை எழுதினார். இறந்தவர்களெல்லாம் பேசும் ஊர். கொலம்பியக் கரீபியக் கரையில் பாட்டி சொன்ன தோரணையைப் பிடித்துக்கொண்டு கார்சியா மார்க்கெஸ் 1967இல் எழுதிய நாவல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்று தமிழிலும் வந்திருக்கிறது. மாய எதார்த்தம் என்ற பெயரை விமரிசகர்கள் வைத்தார்கள். பாட்டிக்கு அது வெறும் பேச்சு. பேயையும் புயலையும் ஒரே குரலில் சொல்லும் பாட்டி நம் வீட்டில் இல்லையா?

தமிழ் நாவலும் இதே பாதையில்தான் உயிர் பெற்றது. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மா'ளில் கொங்குப் பேச்சை வைத்தார். புதுமைப்பித்தன் தம் சிறுகதைகளில் திருநெல்வேலியை வைத்தார். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' இரண்டும் தென்கரைப் பரதவர் வாயைப் புத்தகமாக்கியவை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய், தொழிலாளரோடு பழகி, 1979இல் 'கரிப்பு மணிகள்' எழுதினார். சோலாவின் இயற்பண்புவாதம் என்ன செய்ய நினைத்ததோ அதை ஒரு தமிழ்ப் பெண் கொதிக்கும் உப்புத் தரையில் நின்று செய்திருக்கிறார்.

நம் நிலம்? நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் தனியாகச் சொல்லகராதியே தொகுத்திருக்கிறார். விருத்தாசலம் பக்கத்து முந்திரிக்காட்டு மனிதர். அவருடைய 'அஞ்சலை'யிலும் இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளிலும் நம் உள்நாட்டுப் பேச்சு உயிரோடு இருக்கிறது. ஆனால் அது செம்மண்ணும் களரும். சங்க காலத்தில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய 'சிறுபாணாற்றுப்படை' நம் கரையில் எயிற்பட்டினம் என்ற ஊரைச் சொல்கிறது. மரக்காணம்தான் அது என்பார்கள். அதற்குப் பிறகு இந்த மரக்காணத்து உப்பளத்தின் வாய், முதலியார்சாவடியின் வலைவாடி வாய், 'வந்துகினு கீறன்' என்று சொல்லும் இந்த வாய் ஒரு பெரிய நாவலில் முழுசாகப் பேச வேண்டும் என்று நான் ஏங்குகிறேன்.

என் பாட்டி மரக்காணத்தில் உப்பு வாரியவர். விடியலுக்கு முன் போனால்தான் முடியும். வெயில் ஏறிவிட்டால் பாத்தி கண்ணைக் கூசும். குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. ராத்திரி விளக்கெண்ணெயைச் சுட வைத்து அந்த வெடிப்பில் விடுவார். கோடையில் மேற்கே கறுத்தால் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அவருக்கு மட்டும் முகம் வாடும். "மயை வருதுடா, உப்பு கரஞ்சிரும்" என்பார். வாரிக் குவித்த அம்பாரத்தின் மேல் கீற்று போட ஓடுவார். உலகமே மழை வேண்டிக் கும்பிடும்போது மழையைப் பார்த்துப் பயப்படும் ஒரு வேலை உப்பு வேலை. அந்தப் பயம் 'மழை' என்ற சொல்லில் எனக்குக் கேட்பதில்லை. 'மயை'யில்தான் கேட்கிறது. எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

பிள்ளைகளே, பரீட்சையில் 'மழை' என்றே எழுதுங்கள். 'ழ' நம் சொத்து, அதைப் பழகிக்கொள்ளுங்கள். கதை எழுதும்போது, உங்கள் பாட்டி பேசும் இடம் வந்தால், பேனாவைத் தடுக்காதீர்கள்.

நேரமாகிவிட்டது. நோட்டைக் கொஞ்சம் கொடு அம்மா, பார்ப்போம். பேச ஆரம்பித்தபோது முதல் வரியில் வாடை, கச்சான், கொண்டல் என்று இருந்தது. இப்போது இரண்டு பக்கம் தாண்டிவிட்டது. எனக்கே தெரியாத சொற்கள் இதில் ஏழெட்டு இருக்கின்றன, தாத்தாவிடம் நான் தனியாக உட்கார வேண்டும். இங்கே ஓர் இடத்தில் 'மயை இருட்டு' என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே 'மழை இருட்டு' என்று திருத்தியிருக்கிறாய். தாத்தா எப்படிச் சொன்னார்? மயை இருட்டு என்றுதானே? அப்படியானால் அந்தக் கோட்டை அழித்துவிடு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.